பச்சைமலையில் ஒரு குட்டிக் காண்டாமிருகம்!

'தி மம்மி' படம் பார்த்திருப்பீங்க. 1999-ல் வந்த அந்தப் படத்துல கறுப்பு வண்டுக் கூட்டம் ஒண்ணு மணல்ல இருந்து பொங்கி வந்து, மனுஷன் தோலுக்குள்ள புகுந்து... போதும், நீங்க மெஸ்ஸுல உட்கார்ந்து படிச்சுட்டு இருக்கலாம். அந்த ஸ்கேரப் வண்டு மேட்டர் மொத்தமும் டூப், பாஸ்! ஸ்கேரப் குடும்பத்துல உலகம் முழுக்க ஏறக்குறைய 30,000 வகை வண்டுகள் இருக்கு. உயிரோட இருக்கிற மனுஷனைக் கடிச்சுத் தின்ன அதுல ஒண்ணுக்குக்கூட ஆர்வம் கிடையாது. சாணம், இலை, பூ, வேர், மக்கின கட்டைனு அதோட மெனுவே வேற.

அந்தக் குடும்பத்துல ஒருத்தர் நம்ம ஊர்க்காரர். காண்டாமிருக வண்டு. அவரைத் தேடித்தான் இந்த வாரம் உங்களைப் பச்சைமலைக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். 'மலைக்குப் போனா அருவியைப் பார்ப்பாங்க, வண்டைப் பார்ப்பாங்களா?'னு என் ஹாஸ்டல் ரூம்மேட்டும் கேட்டான். அருவியும் இருக்கு. மங்களம் அருவி, கோரையாறு அருவினு போட்டோ எடுக்க இடம் நிறைய. ஆனா, அதையெல்லாம் உங்களுக்கு முன்னாடியே நாலு பேர் எடுத்துத் தள்ளிட்டாங்க. வண்டைத் தேடிப் போனவங்க யாராவது உங்க காலேஜ்ல உண்டா?

திருச்சி, பெரம்பலூர், சேலம்னு மூணு மாவட்டமும் பங்கு போட்டுக்கிற மலை இது. கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. மேற்கே கொல்லிமலை, வடக்கே கல்வராயன்மலை. உயரம் பெரும்பாலும் 500-ல இருந்து 1,000 மீட்டருக்குள்ள. ஊட்டி ரேஞ்சுக்கு ஸ்வெட்டர் எல்லாம் எடுத்து வைக்காதீங்க. சத்திரம் பேருந்து நிலையத்துல துறையூர் பஸ் பிடிச்சா, மண்ணச்சநல்லூர் தாண்டினதும் ரெண்டு பக்கமும் பச்சை ஆரம்பிச்சுடும். துறையூர்ல இறங்கி உப்பிலியபுரம், சோபனபுரம் வழியா மலையேறணும். மேல போய்ச் சேர்ற ஊர் பேர் டாப் செங்காட்டுப்பட்டி. 'டாப்'ங்கிறது பட்டப்பேர் இல்ல, ஊர்ப் பேரே அதுதான். பேருலேயே உயரத்தைக் குறிச்சு வெச்ச ஊரை மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பிடிக்காம இருக்குமா?

ஆனா, மலையேறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல ஒரு ஸ்டாப். சோபனபுரம் பக்கத்துல என் ரூம்மேட்டோட தாத்தாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கு. வண்டு முதல்ல கையில கிடைச்சது அங்கேதான்.

தாத்தா கையில ஒரு கம்பி. நம்ம பைக் ஸ்போக்ஸ் மாதிரி, கொஞ்சம் தடியா, நுனியில தூண்டில் மாதிரி வளைச்சது. ரெண்டு வயசுக் கன்று ஒண்ணோட குருத்துப் பக்கம் குனிஞ்சு பார்த்தார். மட்டையோட அடியில ஒரு ஓட்டை. அதோட வாயில மரத்தூள் மாதிரி சக்கை பிதுங்கி நின்னுது. கம்பியை உள்ளே விட்டார், ஒரு திருகு, ஒரு இழு. வெளியே வந்தது நம்ம ஹீரோ. இல்ல, தாத்தா கணக்குல வில்லன்.

"கையை நீட்டு தம்பி, கடிக்காது"னு உள்ளங்கையில வெச்சார். வண்டு 'கிறீச்... கிறீச்'னு சத்தம் போட்டுச்சு. காலை ஊன்றி அது முன்னாடி தள்ளுற தள்ளுல விரல் விலகுது, நம்புங்க!

ஆளை நல்லா பார்த்துக்குங்க. நீளம் 35-ல இருந்து 50 மில்லிமீட்டர் வரைக்கும். மூணு விரல் அகலம்னு வெச்சுக்கலாம். பளபளன்னு கறுப்பு, பாலீஷ் போட்ட ஷூ மாதிரி. திருப்பிப் போட்டா அடிவயிறு செம்பழுப்பு. ஆறு காலுலயும் ரம்பம் மாதிரி முள்ளு, அதுதான் நம்ம விரலைக் கீறுறது. மூக்கு இருக்க வேண்டிய இடத்துல பின்பக்கமா வளைஞ்ச ஒரே ஒரு கொம்பு. அதுக்குப் பின்னாடி, முதுகோட முன்பகுதியில, யாரோ கட்டைவிரலை வெச்சு அமுக்கின மாதிரி ஒரு பள்ளம். 1758-ல் இதுக்கு அறிவியல் பேர் வெச்ச லின்னேயஸும் இந்தக் கொம்பைப் பார்த்துத்தான் 'ரைனோசெரஸ்'னு வெச்சிருக்கணும். வேற என்ன வைக்க முடியும்?

கொம்பு இருந்தா ஆண், இல்லைன்னா பெண்னு முடிவு பண்ணிடாதீங்க. கொம்பு ரெண்டுக்கும் உண்டு. ஆணுக்குக் கொஞ்சம் நீளம். ஆனா, சாப்பாடு சரியா கிடைக்காம வளர்ந்த சின்ன ஆணுக்குக் கொம்பும் சின்னதாத்தான் இருக்கும். அதனால கொம்பை நம்பினா ஏமாறலாம். வண்டோட வால் பக்கத்தைப் பாருங்க. அங்கே செம்பழுப்பு நிறத்துல முடி அடர்த்தியா, தாடி மாதிரி இருந்தா அது பெண். வழவழன்னு இருந்தா ஆண். இந்த ஒரு டெக்னிக்கை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் இறக்கை. மேல தெரியுற கறுப்புக் கவசம் பறக்குற இறக்கை இல்ல, அது மூடி. நிஜ இறக்கை உள்ளே ஜவ்வு மாதிரி மடிஞ்சு கிடக்கும், குடை மாதிரி. இந்த மடிப்பை விரிக்கிறதுக்குப் பெரிய தசை எதுவும் வேலை செய்யணும்னு இல்லையாம். மூடி திறந்ததும் இறக்கை லேசா எழும்பும், அடிக்க ஆரம்பிச்ச வேகத்துலயே முழுசா விரிஞ்சுக்கும். இதோட உறவுக்கார வண்டு ஒண்ணை வெச்சு இதைக் கண்டுபிடிச்சு, அதே மாதிரி இறக்கை மடிக்கிற குட்டி ரோபோவையும் பறக்கவிட்டு, 2024-ல் 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க சுவிட்சர்லாந்து, கொரியா ஆராய்ச்சியாளர்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா இல்லாம அலையுறவங்க கவனிக்க.

தாத்தாவுக்கு இந்த ரோபோ கதையெல்லாம் வேலைக்கு ஆகலை. "இது பறக்குறது எனக்கு எதுக்குப்பா, இது உட்கார்ற இடம்தான் என் பிரச்னை"ன்னார்.

அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. இந்த வண்டு ராத்திரி பறந்து வந்து தென்னையோட குருத்தைக் குடைஞ்சு உள்ளே இறங்கும். அது நாரை மெல்லுறது அந்தச் சாறுக்காக. சக்கையைத் துப்பிட்டு மேல மேல போய்க்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல குருத்தோலை இன்னும் விரியலை, விசிறி மாதிரி மடிஞ்சிருக்கு. மடிச்ச பேப்பர்ல கத்தரி போட்டு விரிச்சா என்ன ஆகும்? ஒரே மாதிரி வெட்டு ரெண்டு பக்கமும் வரும்ல, அதேதான். கொஞ்ச நாள் கழிச்சு ஓலை விரியும்போது 'V' எழுத்து மாதிரி, தையல்காரர் வெட்டின கணக்கா, ஓலை வெட்டுப்பட்டு நிக்கும். பஸ்ல போகும்போது ஜன்னல் வழியா தென்னையைப் பாருங்க. ஸ்ரீரங்கத்துல காவிரிக்கரையில இருந்து ஆரம்பிச்சு இந்த 'V' கண்ணுல படும். ஒரு தடவை தெரிஞ்சுட்டா அப்புறம் பார்க்காம இருக்க முடியாது.

வளர்ந்த மரம் ரெண்டு மூணு வெட்டைத் தாங்கிக்கும். கன்றுக்குக் குருத்து போனா ஆளே போச்சு. இன்னொரு கொடுமை, இது போட்ட ஓட்டை வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். அது மரத்தையே உள்ளுக்குள்ள தின்னு முடிக்கிற கேஸ். தாத்தா அந்த வருஷம் வெச்ச கன்று நாற்பது. அதுல அஞ்சு பட்டுப்போச்சு. "காய்ப்புக்கு இன்னும் நாலு வருஷம்னு நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தா, இந்தப் பய ஒரே ராத்திரியில அழிச்சுட்டுப் போறான்"னு சொல்லிக்கிட்டே வண்டைக் கல்லுல வெச்சு... சரி, அந்த சீன் சென்சார் கட்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. இந்த வண்டு மலை மேலயும் இருக்குமா? அங்கே தென்னந்தோப்பு கிடையாதே. "மேல ஏதுப்பா?"னு தாத்தா சிரிச்சார். பார்த்துடுவோம்னு கிளம்பினோம்.

மலைப்பாதையில எங்களுக்கு முன்னாடி ஒரு மினி லாரி திணறிக்கிட்டே ஏறுச்சு. பின்னாடி என்ன லோடுங்கிறீங்க? பாதி மக்கின எரு, அது மேல தென்னங்கன்று! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் கொஞ்சம் எரு எங்க மேல உதிர்ந்துச்சு. ரூம்மேட் கர்ச்சீஃபை மூக்குல கட்டிக்கிட்டான். எனக்கு அந்த லாரியை எங்கேயோ படிச்ச மாதிரி இருந்துச்சு. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு லோடுதான் ஒரு காலத்துல பசிபிக் பெருங்கடலையே கலங்கடிச்சுச்சு.

கொஞ்சம் ஹிஸ்டரி கேளுங்க, போர் அடிக்காது. காண்டாமிருக வண்டோட சொந்த ஊர் இந்தியா, இலங்கைல ஆரம்பிச்சு தென்கிழக்கு ஆசியா வரைக்கும். அதுக்குக் கிழக்கே கடல். பல நூறு மைலை நீந்தியோ பறந்தோ கடக்குற தில்லு இந்த வண்டுக்குக் கிடையாது. 1909-ல் இலங்கையில இருந்து சமோவா தீவுக்கு ரப்பர் கன்று அனுப்பினாங்க. கன்றோட சேர்ந்து வண்டும் இறங்குச்சு. தேங்காயை நம்பியே பொழைக்கிற தீவு அது. அங்கே இருந்து ஒவ்வொரு தீவா தாவ ஆரம்பிச்சு, இரண்டாம் உலகப்போர் நேரத்துல, 1942-ல், பலாவு தீவுக்கும் போயாச்சு. 1963-ல் மலேசியாவுல ஹூகர்ங்கிற விஞ்ஞானி இந்த வண்டுப் புழுக்களைக் கொல்ற ஒரு வைரஸைக் கண்டுபிடிச்சார். 1967-ல் அதை சமோவாவுல விட்டுப் பார்த்தாங்க. வொர்க்-அவுட் ஆச்சு! பல தீவுகள்ல தென்னை தலை நிமிர்ந்துச்சு. நம்ம லட்சத்தீவோட மினிக்காய் தீவுலகூட 1980-களில் இதே வைரஸை விட்டுப் பயன் கண்டாங்க.

அத்தோட 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனா, 2007-ல் குவாம் தீவுல வந்து இறங்கின வண்டு அந்த வைரஸுக்கு அசையவே இல்ல. 2013-ல் ஹவாய், 2015-ல் சாலமன் தீவுகள், 2019-ல் வனுவாட்டுன்னு வரிசையா போர்டிங் பாஸ் வாங்கிட்டே இருக்கு. விசா எடுக்க நாம நாயா அலையுறோம், இவர் கப்பல்லயும் விமானத்துலயும் ஓசியில போறார்!

மேப்பை விரிச்சு வெச்சுப் பார்த்தா ஒண்ணு புரியுது. இந்த வண்டு எங்கெங்க இருக்குங்கிற எல்லைக்கோட்டை மலையோ கடலோ போடலை, நாம போட்டிருக்கோம். நாம மரம் நட்ட இடம், குப்பையை மக்கவிட்ட இடம், லோடு இறக்கின இடம்... அவ்வளவுதான் அதோட மேப். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை தென்னையா சாய்ஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தலைன்னா, மக்குற ஒவ்வொரு தண்டும் இந்த வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. குவாம்ல 2015 புயலுக்கு அப்புறம் அதுதான் நடந்துச்சு.

டாப் செங்காட்டுப்பட்டியில இறங்கினதும் காத்து மாறிடுச்சு. மேல வாழுறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பேரைப் பார்த்து 'கேரளாவா?'னு கேட்காதீங்க, மலையை ஆள்றவங்கனு அர்த்தம் சொல்றாங்க. பேசுறது தமிழ்தான். வண்ணாடு, கோம்பைனு நாடு நாடா ஊர்கள். எங்கே பார்த்தாலும் மரவள்ளி. அந்தக் கிழங்குதான் ஆத்தூர், சேலம் பக்கம் ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியா மாறி, உங்க வீட்டுப் பாயசத்துல மிதக்குது. நடுநடுவுல பலா, புளி, முந்திரி. தென்னை? நான் பார்த்த வரைக்கும் வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு, அதுவும் சின்ன மரம்.

நாங்க தண்ணி கேட்டு நின்ன வீட்டுல ஒரு பாட்டி எருக்குழியைக் கிளறிட்டு இருந்தாங்க. ஆடு மாட்டுக் கழிவு, மரவள்ளித் தோல், இலை, சாம்பல் எல்லாம் கொட்டுற குழி. மழைக்கு முன்னாடி அள்ளிக் காட்டுக்குப் போடணுமாம். மண்வெட்டி ஒவ்வொரு தடவை விழும்போதும் வெள்ளையா ஏதோ புரண்டுச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா புழு! என் கட்டைவிரலைவிடத் தடிமன், 'C' எழுத்து மாதிரி சுருண்டு, தலை மட்டும் பழுப்பு. பின்னாடியே நாலு கோழி கியூவுல நின்னு ஒவ்வொண்ணா கொத்திட்டு இருந்துச்சுங்க. ஹாஸ்டல் ஞாயித்துக்கிழமை பிரியாணிக்குக்கூட நான் அப்படி ஒரு ஒழுங்கான கியூவைப் பார்த்தது இல்ல.

"இது மரவள்ளி வேரைத் திங்கிற புழுதானே பாட்டி?"னு ரூம்மேட் கேட்டான். "வேர்ல வர்றது சின்னது சாமி. இது குப்பையைத்தான் திங்கும், ஒண்ணும் பண்ணாது"ன்னாங்க.

பாட்டி சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. வேர்ப்புழுவும் ஸ்கேரப் குடும்பம்தான், ஆனா வேற ஆளு. எருக்குழிப் புழு மக்கினதை மட்டும்தான் சாப்பிடும். பார்க்கப்போனா எருவைப் பொடியாக்கி உதவியே பண்ணுது. புழுவா நாலஞ்சு மாசம் வரைக்கும் பரம சாது. அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம் கொம்பு முளைச்சு வெளியே வந்தாத்தான் ரவுடி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நடமாட்டம் அதிகம். எத்தனை பேர் வீட்டுல சாதுவா இருந்துட்டு காலேஜ் வந்ததும்... சரி, அதை விடுங்க.

அடுத்த மண்வெட்டிக்கு மண்கட்டி ஒண்ணு உடைஞ்சு, உள்ளே இருந்து ஒரு வண்டு எட்டிப் பார்த்துச்சு. இன்னும் கறுக்கலை, காபித்தூள் நிறம். ஆனா கொம்பு இருக்கு. முதுகுல அந்தக் கட்டைவிரல் பள்ளம் இருக்கு. சந்தேகமே இல்ல. தாத்தா தோற்றார். மலை மேலயும் ஆள் இருக்கார்!

இதை பார்த்துட்டு பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் வந்தார். போன வருஷம் அவர் இருபது தென்னங்கன்று வெச்சிருக்கார். தண்ணியைக் குடத்துல சுமந்து ஊத்தி வளர்த்தது. "மூணு கன்னுல ஓலை கிழிஞ்சு போச்சு தம்பி. மேல காத்து ஜாஸ்தி, அதான்"னு காட்டினார்.

காத்து கிழிச்சா இப்படி அளவெடுத்தா கிழிக்கும்? மூணுலயும் 'V'. மட்டையடியில ஓட்டை, ஓட்டையில சக்கை. ரூம்மேட் அவன் தாத்தா சொன்னது எல்லாத்தையும் ஒண்ணுவிடாம ஒப்பிச்சான். கம்பியில கொக்கி, கன்றோட மட்டை இடுக்குல மூணு பாச்சா உருண்டையை வெச்சு மேல மணல், ஒரு மண்பானையில ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை அஞ்சு லிட்டர் தண்ணியில ஊறவெச்சா அந்த வாடைக்கே வண்டு வந்து விழும்னு வரிசையா சொன்னான். ஆண் வண்டோட வாசனையைச் செயற்கையா செஞ்சு வைக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் இருக்கு. எருக்குழியில தூவுற பச்சை மஸ்கார்டைன்ங்கிற பூஞ்சையும் இருக்கு. அது பிடிச்சா புழு விறைச்சுப் போய், மேல பச்சையா பொடி பூத்துடும். பச்சைமலைக்கு மேட்சிங்!

அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஒரே கேள்வி கேட்டார். "கன்னு வாங்குறப்ப கூடவே ஒரு வண்டி எருவும் கீழே இருந்துதான் கொண்டாந்தேன். அதுலதான் வந்துச்சா?"

அவரோட எருவா, அதுக்கு முன்னாடியே இங்கே இருந்ததானு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல, அதைத்தான் சொன்னேன். ஆனா, வழியில பார்த்த மினி லாரியைப் பத்தியும் சொன்னேன். இனி எரு ஏத்துறதுக்கு முன்னாடி கீழேயே கொட்டிக் கிளறிப் பார்த்துட்டுத்தான் ஏத்தணும்னு அவரும் பாட்டியும் பேசிக்கிட்டாங்க. லாரிக்காரர் எந்த ஊருக்குப் போனார்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. போனை எடுத்தார்.

நீங்க போறதா இருந்தா சில விஷயம். மலையில பஸ் அடிக்கடி கிடையாது, திரும்புற நேரத்தை இறங்கும்போதே கேட்டு வெச்சுக்குங்க. அருவியில தண்ணி பார்க்கணும்னா மழை முடிஞ்ச கையோட போங்க. காட்டுக்குள்ள பிளாஸ்டிக் வேண்டாம். பலா சீஸன்ல போனா ஒரு சுளைக்காவது அடி போடுங்க. யார் வீட்டு எருக்குழியையும் கேட்காம கிளறாதீங்க, அது அவங்க வருஷம் முழுக்க சேர்த்த சொத்து.

எங்களுக்கு பஸ் இருக்க இன்னும் அரை மணி நேரம். பாட்டி அந்தக் காபித்தூள் கலர் வண்டை என் கையில கொடுத்து, "படிச்ச புள்ள, இது என்னானு சொல்லு"ன்னாங்க. திருப்பிப் பார்த்தேன். வால்ல அடர்த்தியா முடி. பெண். இது வெளியே பறந்திருந்தா இதே மாதிரி ஒரு குழியில அம்பதுக்கு மேல முட்டை வைக்கும்னு சொன்னதும், அண்ணன் சட்டையைக் கழட்டி வேலியில போட்டுட்டு குழிக்குள்ள இறங்கினார். ரூம்மேட் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டான். குழி இன்னும் ரெண்டடி ஆழம் இருந்துச்சு. கோழிங்க மறுபடியும் வரிசைக்கு வந்துடுச்சு.